பெட் பாட்டில் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு ஜூஸ் பாட்டிலின் வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர், ஜூஸ் பாட்டில்கள் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்தான். கழுத்திலிருந்து அடி வரை பளபளவென்று ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூட்டில் சுருங்கி பாட்டிலை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் போட்ட அதே ஸ்லீவ். அன்று யாராவது என்னைத் தடுத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தில்தான், மறுசுழற்சியைக் கெடுக்கும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். பாட்டிலைத் தேவைக்கு மேல் கனமாகச் செய்யாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பெட் பாட்டிலுக்கு பிவிசி ஸ்லீவ்

விலை குறைவு, அழகாகச் சுருங்கிப் பிடிக்கும், அச்சும் நன்றாக வரும். அதனால்தான் கை தானாக பிவிசி (PVC) என்ற பிளாஸ்டிக் பக்கம் போகிறது.

மறுசுழற்சிக் கூடத்தில் பாட்டிலைச் சில்லுகளாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். மூடியின் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட் மூழ்கும். பிரிக்கும் வேலையைத் தண்ணீரே செய்துவிடும். ஆனால் பிவிசியின் அடர்த்தி கிட்டத்தட்ட பெட்டின் அடர்த்திதான். அதுவும் கூடவே மூழ்கிவிடும். அப்புறம் இரண்டும் சேர்ந்து உருக்கும் இயந்திரத்துக்குப் போகும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டை பிவிசி தாங்காது, சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பெட்டின் நீளமான மூலக்கூறுகளை அறுத்துவிடும், நிறமும் மஞ்சளாகிவிடும். ஒரு டன்னில் 100 கிராம் பிவிசி கலந்தாலே இந்த நாசம்தான்.

எங்கள் பாட்டில் சந்தைக்குப் போய் எட்டு மாதம் கழித்து ஒரு கூடத்துக்குப் போனேன். அங்கே ஒரு தட்டில் சில்லுகளைப் பரப்பி, 220 டிகிரி ஓவனில் வைத்து எடுத்துக் காட்டினார்கள். வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே எள்ளைத் தூவியது போல் கறுத்துக் கிடந்தது அத்தனையும் பிவிசி. வெளியே ஒரு அம்மா பிளேடால் பாட்டிலின் கழுத்திலிருந்து கீழே ஒரு கீறு போட்டு, ஸ்லீவை இழுத்து உரித்து, சாக்கில் எறிந்துகொண்டிருந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. “தம்பி, இந்த ஜூஸ் பாட்டில் வந்தா நாள் பூரா இதே வேலைதான்” என்றார். அதை வடிவமைத்தது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஸ்லீவை முடிவு செய்ய நாங்கள் கூட்டத்தில் ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சரி, பிவிசி வேண்டாம், பெட்ஜி (PETG, பெட்டைக் கொஞ்சம் மாற்றிச் செய்த பிளாஸ்டிக்) ஸ்லீவ் போடலாமா என்று கேட்பீர்கள். பெயரில் பெட் இருப்பதை நம்பாதீர்கள். பெட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகி, உலர்த்தும்போது சில்லுகளை எல்லாம் கட்டியாக ஒட்டவைத்துவிடும். அதோடு, முழு உடலையும் மூடும் ஸ்லீவ் இருந்தால், தானாகப் பிரிக்கும் இயந்திரம் பாட்டிலைப் பார்க்காமல் ஸ்லீவைத்தான் பார்க்கும்.

மிதக்கும் பாலிபுரொப்பிலீன் லேபிளை, பாதி உயரத்துக்கு மட்டும், கூடத்தில் கழுவும் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் பிடியை விட்டுவிடும் பசையால் ஒட்டுங்கள்.

பாட்டிலுக்கே நிறம் போடுவது

நிறமில்லாத சில்லை வாங்க எல்லோரும் வருவார்கள். பச்சைச் சில்லுக்கு ஆள் குறைவு, அது மறுபடி பாட்டிலாகாமல் பெரும்பாலும் துணியாகவோ கம்பளமாகவோ முடியும். ஸ்பிரைட்டே 2022-ல் வட அமெரிக்காவில் பச்சையை விட்டு நிறமற்ற பாட்டிலுக்கு வந்தது. நிறம் வேண்டுமென்றால் லேபிளில் காட்டுங்கள்.

கறுப்புத் தட்டு

கார்பன் பிளாக் என்ற கறுப்பு நிறமி கலந்திருந்தால் அகச்சிவப்பு ஒளியால் பிரிக்கும் இயந்திரத்தின் கண்ணுக்கே அந்தத் தட்டு தெரியாது.

பம்ப் மூடிக்குள் எஃகு ஸ்பிரிங்

வேண்டாம்.

கூடத்துக்குப் போகாமல் வரைபடத்தை முடிப்பது

லேபிள், பசை, மூடி எல்லாம் சேர்ந்த பத்து மாதிரி பாட்டில்களைப் பக்கத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் அரைத்து, கழுவி, தொட்டியில் போடச் சொல்லுங்கள். எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று நீங்களே நின்று பாருங்கள். லேபிளுக்கு ஆர்டர் கொடுப்பது அதற்கு அப்புறம்தான்.