பைன் தளிரை வேர்விட வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திசு வளர்ப்பில், அதாவது செடியின் சிறு துண்டைப் புட்டியில் வளர்ப்பதில், வாழையைக் கையாண்டு பழகியவர்கள் பைனிடம் வந்தால் தடுமாறித்தான் போவார்கள். வாழைத் தளிர் ஊடகத்தில் (புட்டியிலுள்ள சத்துக் கலவையில்) வைத்தாலே வேர்விடும். பைன் தளிர் பச்சையாக நிற்கும், வாரக்கணக்கில் வேர் மட்டும் வராது.

உடனே வேரைத் தூண்டும் ஹார்மோனான ஆக்சினின் அளவைக் கூட்டுவார்கள். பெரிய தவறு இதுதான். வேர் கருக்கொள்ளத்தான் ஆக்சின் வேண்டும். கருக்கொண்ட வேர் நீள்வதை அதே ஆக்சின் தடுக்கும். நியூசிலாந்தின் ரோட்டருவாவில் ரேடியேட்டா பைனுக்கு வகுத்த முறையில், ஐபிஏ, என்ஏஏ என்ற இரண்டு ஆக்சின்கள் கலந்த வெறும் அகாரில் (கடற்பாசிக் கூழில்) தளிர் இருப்பது சுமார் 5 நாள்தான். அப்புறம் ஆக்சின் இல்லாத இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றாமல் விட்டால் அடித்தண்டு உப்பிக் கேலஸ் (ஒழுங்கற்ற திசுத் திரள்) கட்டும். "ஏதோ நடக்கிறது" என்று பார்ப்பவருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கேலஸிலிருந்து கிளம்பும் வேருக்கும் தண்டின் நீர்க்குழாய்களுக்கும் சரியான இணைப்பு இருக்காது. புட்டியில் வேரோடு நின்ற செடி தொட்டிக்குப் போனதும் வாடும்.

இன்னொன்று, தளிர் பெருக்கத்துக்குப் போட்ட சைட்டோகைனின் என்ற ஹார்மோன். அதன் மிச்சம் திசுவில் இருக்கும்வரை வேர் வராது. ஹார்மோன் இல்லாத, கரித்தூள் கலந்த ஊடகத்தில் தளிரை நீளவிட்டு, பிறகு வேருக்கு அனுப்புங்கள். அதே கரித்தூளை ஆக்சின் ஊடகத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஆக்சினையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

கண்ணாடிபோல் நீர்கோத்த தளிர்களை இரக்கப்பட்டு வேருக்கு வைப்பதும் வீண்.

வேர் அகாரில்தான் வர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். அகாருக்குள் காற்று குறைவு. அதில் வளரும் வேர் பிடுங்கும்போது ஒடிந்துவிடும். ஆக்சின் கொடுத்த தளிரை நேரே பீட் (மட்கிய பாசி), பியூமிஸ் (நுரைக்கல்) கலவையில் நட்டு, ஈரப்பதம் குறையாமல் மூடிவைத்தால் வேர் அங்கேயே வரும். மூடியை மட்டும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள், சிறுகச் சிறுகப் பழக்குங்கள்.

முற்றிய மரத்துத் தளிர் விதைக்கருவிலிருந்து வந்த தளிரைப்போல வேர்விடாது. ஹார்மோனைக் குறைசொல்லுமுன் மரத்தின் வயதைப் பாருங்கள். ஒரே வயதென்றாலும், ஒரு விதையின் தளிர்கள் வேர்விடும், பக்கத்து விதையினுடையவை அடம்பிடிக்கும். எனவே எந்தத் தளிர் எந்த விதையுடையது என்று புட்டியிலேயே எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் கலந்து எண்ணினால், முறை தோற்றதா விதை தோற்றதா என்றே தெரியாது.