‘புற்றுநோயை வளர்க்கும் புரதம் கண்டுபிடிப்பு’ – இந்தச் செய்தியை எப்படிப் படிப்பது?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும்போது இப்படி ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் மனசு துள்ளும், உடனே டாக்டருக்கு அனுப்பத் தோன்றும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படித்து, எதில் சோதித்தார்கள் என்று தேடுங்கள். தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதர்களிலா? முதல் இரண்டில் ஒன்று என்றால் மருந்தாக வரப் பல வருஷம் ஆகும், வராமலும் போகலாம்.

அடுத்து, அந்தப் புரதம் கட்டியில் ‘அதிகமாக இருக்கிறது’ என்கிறார்களா, ‘அதை முடக்கினால் கட்டி சாகிறது’ என்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். நல்ல செல்லுக்கும் அதே புரதம் வேண்டும் என்றால் பக்கவிளைவு பெரிதாக இருக்கும்.

சரி, அதை மருந்தால் பிடிக்க முடியுமா? செல்லை வளரச் சொல்லும் கேராஸ் (KRAS) புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயில் அதன் பங்கு 1980களிலேயே தெரியும், ஆனால் மருந்து மூலக்கூறு உட்கார வாகான குழி எதுவும் அதன் மேல் தெரியவில்லை, மருந்தே செய்ய முடியாது என்று பலரும் கைவிட்டிருந்தார்கள். ஜி12சி (G12C) என்ற ஒரு வகை மரபணு மாற்றத்தில் மட்டும், அமினோ அமிலங்களைக் கோத்த இந்தப் புரதச் சங்கிலியின் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் என்ற வேறொன்று வந்து உட்காருகிறது, அந்தச் சிஸ்டீனின் கந்தகத்தைக் கொக்கியாகப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறையும், பக்கத்தில் ஒளிந்திருந்த குழியையும் 2013இல் அமெரிக்க விஞ்ஞானி கெவன் ஷோகாட்டின் குழு காட்டியது. இதே வழியில் வந்த சோட்டோராசிப் என்ற மருந்து 2021இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் ஜி12சி மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும், ஜி12டி (G12D) என்று மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருந்தால் இந்த மருந்து பொருந்தாது. ஓர் எழுத்துதான் வித்தியாசம்! அதனால் புரதத்தின் பெயரோடு நிறுத்தாமல் பின்னால் வரும் எழுத்தையும் எண்ணையும் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

எந்த உறுப்பு என்பதையும் பாருங்கள். பிராஃப் (BRAF) என்ற இன்னொரு புரதத்தில் வரும் வி600இ (V600E) மாற்றத்துக்கான மாத்திரை மெலனோமா என்ற தோல் புற்றில் நன்றாக வேலை செய்கிறது, பெருங்குடல் புற்றில் அதைத் தனியாகக் கொடுத்தால் கட்டி இஜிஎஃப்ஆர் (EGFR) என்ற வேறொரு வளர்ச்சிப் புரதம் வழியாகச் சுற்றிக்கொண்டு தப்பிக்கிறது, ஆகவே இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் டாக்டரிடம் இதையும் கேளுங்கள்: பயாப்சியில் எடுத்த சதை மெழுகில் பதித்தபடி லேபில் இன்னும் இருக்கிறதா, அதிலேயே மரபணுப் பரிசோதனை செய்ய முடியுமா? முதலில் வேலை செய்த மருந்து இப்போது வேலை செய்யவில்லை என்றால் பழைய ரிப்போர்ட்டை நம்பி இருக்காதீர்கள், கட்டி இடையில் மாறியிருக்கலாம், மறுபடி சோதிக்க வேண்டுமா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.