பெரிய பிரேக் கிட் வாங்கும் முன் ரிம்மைப் பாருங்கள்

ரம்பொடை மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து வந்தும் பிரேக் கருகி மணக்கிறதா? உடனே பெரிய டிஸ்க்கும், பேடை அதில் அழுத்தும் கலிப்பரும் சேர்ந்து வரும் முன் பிரேக் கிட்டைத் தேடாமல், முதலில் பிரேக் ஒயிலையும் பேடையும் (டிஸ்க்கில் உரசித் தேயும் கட்டை) மாற்றிப் பாருங்கள். டொட் 4 என்ற தரத்துப் புதிய ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்த பழையது 155ஐ ஒட்டியே கொதிக்கத் தொடங்கலாம், அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

அதற்கும் சரிவரவில்லை என்றால் கிட் பார்க்கலாம். 14 அங்குல ரிம்மில் பெரும்பாலானவை ஏறாது. விட்டம் சரியாக இருந்தாலும் கலிப்பர் ரிம்மின் ஸ்போக்கில் முட்டலாம், அதனால் கிட் செய்பவர்கள் தரும் அளவுப்படத்தை உண்மை அளவில் அச்சடித்து, மட்டையில் வெட்டி, ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். கலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனின் அளவும் முக்கியம்: அளவுக்கு மீறிப் பெரிதென்றால் பெடல் அதிகம் இறங்கும், பின் பிரேக்கின் பங்கும் குறையும், ஆகவே உங்கள் மொடலுக்கென்றே செய்ததை எடுங்கள். அதற்குரிய பேட் இங்கே கிடைக்குமா என்றும் கேளுங்கள்.