முதுகு இறுக்கம்: நீட்டுவதை விட்டுத் தூக்கும் முறையைத் திருத்தினேன்

டெட்லிஃப்ட் (எடைத் தட்டுகள் பூட்டிய ‘பார்’ என்ற இரும்புத் தண்டை நிலத்திலிருந்து தூக்கும் பயிற்சி) செய்த மறுநாள் கீழ்முதுகு பலகை மாதிரி இறுகி, கிழமைக்கணக்கில் விடாமல் இருந்தால், குனிந்து காலைத் தொட்டு நீட்டுவதால் பெரும்பாலும் பயனில்லை. இடுப்பும் பிட்டமும் சுமக்க வேண்டியதை முதுகுத்தசை சுமக்கிறது. நீட்டினால் கொஞ்ச நேரம் சுகம், பிறகு பழையபடிதான்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது பாரின் உயரம். 45 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 20 கிலோ ஒலிம்பிக் தட்டைப் போட்டால் பார் நிலத்திலிருந்து 22.5 சென்ரிமீற்றரில் நிற்கும். 10 கிலோ இரும்புத் தட்டு பெரும்பாலும் அதைவிடச் சிறியது. பார் தாழ்ந்து, எடுக்கும்போதே முதுகு வளைந்துவிடும். இரு பக்கமும் தட்டுகளை அடுக்கி அதன்மேல் ஏற்றி, பாரைக் கெண்டைக்காலின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எடையையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

குனியும் முறைக்கு வீட்டுத் தும்புத்தடி போதும். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் தடி படும்படி பிடித்து, இடுப்பைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். தடி எங்கே விலகுகிறதோ, இப்போதைக்கு அதுதான் உங்கள் எல்லை.

தினமும் சைட் பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கை ஊன்றி உடலை நேராகத் தாங்குவது), பேர்ட் டோக் (கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது): 10 விநாடிப் பிடிப்பாக முதல் சுற்றில் 6, அடுத்ததில் 4, கடைசியில் 2 தடவை.

கொழும்பில் காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் இருந்துவிட்டு நேரே பாரைத் தொடாதீர்கள். 10 நிமிடம் நடவுங்கள்.

கால் விறைத்தாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ பயிற்சி வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.