பயோகேஸ் கலனுக்கு அஜீரணம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பயோகேஸ் கலனிலிருந்து வெளிவரும் கரைசலில் புளித்த வாடை அடிக்கிறதா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கொள்ளாத அளவுக்குத் தீனி போட்டிருப்பீர்கள்.

உள்ளே நுண்ணுயிர்களில் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று கழிவை உடைத்து அமிலமாக்குகிறது. இன்னொன்று அந்த அமிலத்திலிருந்து அடுப்பில் எரியும் வாயுவான மீத்தேன் தருகிறது. முதல் கூட்டம் வேகமானது. இரண்டாவது மெதுவாகத்தான் பெருகும். மீந்த உணவும் பழக்கழிவும் சீக்கிரம் கரைபவை. அவற்றை ஒரே நாளில் கூடை கூடையாகக் கொட்டினால் அமிலம் தேங்கிவிடும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு) 6.8 முதல் 7.5 வரை இருந்தால்தான் தோது. அதற்குக் கீழே இறங்க இறங்க அவை முடங்கிப்போகும். அப்போது வரும் வாயுவில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, அடுப்பில் பற்றாது.

வாயு எரியவில்லையே, தீனி போதவில்லை போல என்று இன்னும் கொட்டுவதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. கலன் அதோடு படுத்துவிடும். தீனியை அடியோடு நிறுத்துங்கள். நன்றாக ஓடும் வேறொரு கலனின் கரைசலோ புதுச் சாணமோ கொஞ்சம் சேர்த்துவிட்டுப் பொறுத்திருங்கள். நாள்தோறும் பிஎச் தாளைக் கரைசலில் தோய்த்துப் பாருங்கள். தாள் மஞ்சளிலிருந்து பச்சைக்குத் திரும்பினால் கலன் தேறுகிறது என்று பொருள். அப்புறம் கைப்பிடி கைப்பிடியாகத் தொடங்கலாம்.

புதுக் கலனிலும் இதே அவசரம் கூடாது. சாணமும் தண்ணீரும் சம அளவு கரைத்து நிரப்பி, எரியும் வாயு வரும்வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும் என்பதால், அதைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். கலனின் குழாய் வாயில் தீக்குச்சி காட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பண்ணைக் கழிவில் சிக்கல் வேறு. கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 20 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நல்லது. வைக்கோலில் கார்பன் மிகுதி, கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி. எச்சத்தை மட்டும் போட்டால் அம்மோனியா கூடி நுண்ணுயிர்களைத் தாக்கும். இரண்டையும் கலந்து போடுங்கள். வைக்கோலைப் பொடியாக நறுக்காவிட்டால் மேலே மிதந்து கெட்டிப் பொருக்காகிவிடும். மரத்தூள் வேண்டவே வேண்டாம், அது லேசில் செரிக்காது. சோப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் நுண்ணுயிர்களுக்கு ஆகாதவை.

அடுப்பில் சுடர் விட்டுவிட்டு எரிந்தால் கலனைக் குறை சொல்லாதீர்கள், குழாயின் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். குழாயைச் சரிவாக அமைத்து, தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு வையுங்கள். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரை தடவினாலே போதும்.

காலிசெய்த கலனுக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு செறிவாக இருந்தால் அழுகிய முட்டை வாடை சற்று நேரத்தில் மூக்குக்கே தெரியாமல் போய்விடும். ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கும்போதே ஆள் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் அப்படியே விழுவார். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல், மூச்சுக்கருவியுடன் வரும் மீட்புப் பணியாளர்களை உடனே அழையுங்கள்.