தொப்பூருக்கு முன்னால் மூன்று முறை அணைந்த வண்டி

மே மாதம் அம்மா அப்பாவைப் பார்க்க பெங்களூரு அல்சூரிலிருந்து சேலத்துக்கு என் பழைய கார்புரேட்டர் பைக்கில் கிளம்பினேன், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஓசூர் வரை ஒரு குறையும் இல்லை. கிருஷ்ணகிரி தாண்டியதும் இன்ஜின் மூச்சு திணறுகிற மாதிரி இழுத்து இழுத்து அணைந்தது. பத்து நிமிடம் புளியமர நிழலில் நிறுத்தினால் தானாக ஸ்டார்ட் ஆகும், அப்புறம் கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை. போன வாரம்தான் பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி வாங்கியிருந்தேன். அதனால் சூடுதான் காரணம் என்றே நினைத்தேன்.

தொப்பூர் கணவாய்க்கு முன்னால் மூன்றாவது முறை. "எங்க கண்ணு வர்ற, சோறு ஆறுது" என்று அம்மா போனில். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன், 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே ஸ்டார்ட் ஆனது!

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக மூடியில் சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் கீழே வராது; கொஞ்ச நேரம் நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து சரியாகிவிடும். வண்டியை அணைத்து ஆறவிட்டு, மூடியைத் தலைகீழாகப் பிடித்து ஊக்கால் குத்தினேன், துருவும் மண்ணும் கலந்து கருப்பாக உதிர்ந்தது. ஊதினால் மறுபக்கம் காற்று வரவேண்டும், அதுதான் சோதனை.

கணவாய் இறக்கத்தில் ஒருமுறைகூட திணறவில்லை. ஒரு மணிக்கு வீட்டில் இருந்தேன், அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.