எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: விமான நிறுவன இணைப்பும் பைலட் சீனியாரிட்டியும்

இரண்டு விமான நிறுவனங்கள் இணைகின்றன என்று செய்தி வந்ததும் பங்கு வைத்திருப்பவர் விலையைப் பார்ப்பார், பயணி தன் மைலேஜ் பாயின்ட் என்ன ஆகும் என்று கேட்பார். பைலட்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் ஓடுவது ஒரே கேள்விதான்: "லிஸ்ட்டை எப்படிச் சேர்க்கப் போறாங்க?"

அந்த லிஸ்ட், அதாவது சீனியாரிட்டி வரிசை, ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விமானம், கேப்டன் இருக்கையா துணை விமானி இருக்கையா, எந்த ஊர் பேஸ் (ட்ரிப் தொடங்கி முடியும் ஊர்), இந்த மாதம் எந்த ட்ரிப், கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருக்கலாமா என்பதெல்லாம் சீனியாரிட்டி எண் வரிசையில்தான் கிடைக்கும். மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் கீழே வரும். ஆள்குறைப்பு வந்தால் கடைசி எண்காரர்தான் முதலில் வெளியே போவார். தேர்வில் தேற வேண்டும் என்பது உண்டு. ஆனால் நன்றாக ஓட்டுகிறார் என்பதற்காக யாரும் வரிசையைத் தாண்ட முடியாது. அப்படிப்பட்ட இரண்டு வரிசைகளை ஒன்றாக்கும்போது, படித்த, கணக்குத் தெரிந்த பைலட்டுகளே திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், வேலையில் சேர்ந்த தேதிதான் நியாயம் என்று நம்பி உட்கார்ந்துவிடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1988-ல் சேர்ந்தவர் 2005-ல் சேர்ந்தவருக்கு மேலே இருக்க வேண்டாமா? யுஎஸ் ஏர்வேஸ் பைலட்டுகள் இதையே கேட்டார்கள். 2005-ல் அந்த நிறுவனம் அமெரிக்கா வெஸ்டோடு இணைந்தது. யுஎஸ் ஏர்வேஸ் அப்போது இரண்டாவது முறையாகத் திவால் பாதுகாப்பில் இருந்தது; அதன் பைலட்டுகள் பெரும் எண்ணிக்கையில் வேலையிழந்து, திரும்ப அழைக்கப்படக் காத்திருந்தார்கள். அமெரிக்கா வெஸ்ட் சின்ன நிறுவனம்தான், ஆனால் அங்கே ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு முறிந்து நடுவர் ஜார்ஜ் நிகோலாவ் முன் வழக்குப் போனது. 2007 மே மாதம் தீர்ப்பு. பெரிய விமானங்கள் யுஎஸ் ஏர்வேஸிடம் மட்டுமே இருந்ததால் பட்டியலின் உச்சியில் சுமார் 500 இடங்கள் அவர்களுக்கே போயின. அதற்குக் கீழே, வேலையில் இருந்த இரு பக்கத்தவர்களையும் எண்ணிக்கை விகிதப்படி கலந்து கோர்த்தார்கள். இணைப்பின்போது வேலையில்லாமல் வெளியே இருந்தவர்கள் அடியில் போனார்கள். கிட்டத்தட்ட 17 வருட சர்வீஸ் உள்ள ஒருவர், சில மாதங்களுக்கு முன் அமெரிக்கா வெஸ்டில் சேர்ந்தவருக்குக் கீழே நின்றார். கொடுமை என்று தோன்றும். நடுவர் பார்த்தது வேறு: இணைப்புக்கு நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள்? ஒருவர் கையில் வேலை இருந்தது, மற்றவர் கையில் இல்லை.

அமெரிக்காவில் பெரிய பைலட் சங்கமான ஆல்பாவின் இணைப்புக் கொள்கை மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: இணைப்பு நடக்காவிட்டால் உங்கள் வேலை எப்படிப் போயிருக்கும், எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள், இப்போது எந்த வகை விமானத்தில் எந்த இருக்கையில் இருக்கிறீர்கள். சேர்ந்த தேதி இதில் ஒரு பகுதி மட்டுமே.

சரி, தீர்ப்பு பிடிக்கவில்லை. யுஎஸ் ஏர்வேஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? எண்ணிக்கையில் அவர்கள் அதிகம். 2008-ல் ஓட்டுப் போட்டு ஆல்பாவையே வெளியேற்றி, யுசாபா என்று தனிச் சங்கம் வைத்து, அந்தப் பட்டியலை நடைமுறைக்கு வரவிடாமல் நிறுத்தினார்கள். மேற்குக்காரர்கள், அதாவது அமெரிக்கா வெஸ்ட் பைலட்டுகள், நீதிமன்றம் போனார்கள். ஒரே பெயர் எழுதிய விமானங்களில் இரண்டு ஒப்பந்தம், இரண்டு சம்பளம். ஒரே ஏ320-ன் கேப்டன் இருக்கை. கிழக்குக்காரருக்கு, அதாவது பழைய யுஎஸ் ஏர்வேஸ்காரருக்கு, திவால் காலச் சம்பளம், மேற்குக்காரருக்கு அதைவிடக் கூடுதல். 2013 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு அடுத்த இணைப்பு வரும்வரை இப்படியே ஓடியது. எல்லோருக்குமான ஒரே பட்டியல் வந்தது 2016-ல். பதினொரு வருடம். கீழே தள்ளப்பட்ட எண்ணால் இழப்பு எவ்வளவு, இழுத்தடித்த வருடங்களின் சம்பளத்தால் இழப்பு எவ்வளவு என்று அவர்களில் சிலராவது பின்னால் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஒப்பிட்டுப் பார்க்க, டெல்டா–நார்த்வெஸ்ட் கதையைப் பாருங்கள். 2008 ஏப்ரலில் அறிவிப்பு, டிசம்பரில் நடுவர் தீர்ப்போடு ஒரே பட்டியல். அங்கேயும் ஒரு பக்கம் சேர்ந்த தேதி, மறுபக்கம் பதவி என்ற சண்டை இருந்தது. ஆனால் சம்பள ஒப்பந்தத்தை முதலிலேயே முடித்துவிட்டுப் பட்டியலுக்கு உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் சாதாரணமானது: எண்ணை மட்டும் பார்ப்பது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சதவீதத்தைப் பார்ப்பார்கள். அதுவும் பாதிக் கணக்குதான். கற்பனையாக ஒரு உதாரணம் போடுவோம். உங்கள் நிறுவனத்தில் 2,000 பைலட், உங்கள் எண் 1,200. மேலிருந்து 60 சதவீதம். 4,000 பேர் கொண்ட இன்னொரு நிறுவனத்தோடு இணைந்ததும் உங்கள் எண் 3,600. வீட்டில் சொன்னால் பதறுவார்கள். ஆனால் 6,000 பேரில் 3,600 என்பதும் அதே 60 சதவீதம்தான். இன்று எதுவும் மாறவில்லை.

இப்போது பத்து வருடம் தள்ளிப் பாருங்கள். உங்கள் பழைய நிறுவனத்தில் உங்களுக்கு மேலே இருந்த 1,199 பேரில் 700 பேர் அதற்குள் ஓய்வு பெறுவார்கள் என்று வையுங்கள். தனியாக இருந்திருந்தால் உங்கள் எண் 500 ஆகியிருக்கும், அதாவது 25 சதவீதம். நிம்மதியான கேப்டன் வாழ்க்கை. புதிய பட்டியலில் உங்களுக்கு மேலே மறுநிறுவனத்துக்காரர்கள் 2,400 பேர் வந்துவிட்டார்கள். எல்லாம் இளவட்டம். பத்து வருடத்தில் அவர்களில் 300 பேர்தான் ஓய்வு பெறுவார்கள். ஆக, மொத்தம் 1,000 பேர் போய், உங்கள் எண் 2,600, கிட்டத்தட்ட 43 சதவீதம். 25-க்கும் 43-க்கும் நடுவில் இருப்பது ஒரு கேப்டன் இருக்கை, அல்லது பெரிய விமானம், அல்லது சொந்த ஊர் பேஸ். யுஎஸ் ஏர்வேஸ்காரர்கள் கோபப்பட்டதற்கு இதுவும் காரணம்: வயதானவர்கள் அவர்கள் பக்கம்தான் அதிகம், அந்த ஓய்வுகளால் காலியாகும் இடங்களில் மறுபக்கத்து இளைஞர்களும் பங்குக்கு வந்தார்கள்.

ஆகவே பட்டியல் வந்ததும் உங்களுக்கு மேலே உள்ளவர்களின் பிறந்த தேதியை வைத்து ஓய்வுக் கணக்குப் போடுங்கள். அதையும் கல்லில் செதுக்கிவிடாதீர்கள். நிகோலாவ் தீர்ப்பு வந்த ஏழாவது மாதம், 2007 டிசம்பரில், அமெரிக்காவில் பைலட் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனது. அதற்குப் பிறகு 60 வயதைத் தொட்டவர்கள் இன்னும் ஐந்து வருடம் இருக்கையில் இருக்க முடிந்தது.

சம்பளமும் பட்டியலும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. அமெரிக்கப் பெரிய நிறுவனங்களில் மணிக்கு எவ்வளவு என்பது விமான வகை, இருக்கை, சர்வீஸ் வருடம் மூன்றையும் பொறுத்தது. பட்டியலில் கீழே போனாலும் சம்பளத்துக்கான சர்வீஸ் வருடம் பொதுவாக அப்படியே இருக்கும். எண் அடிப்பது மறைமுகமாக: எந்த இருக்கைக்குப் போக முடியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நம் நாட்டில் சம்பளம் வேறு மாதிரிக் கடிக்கிறது. 2024 தொடக்கத்தில், ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாராவில் புதிய சம்பள முறை வந்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த மாதச் சம்பளம் 40 மணி நேரத்துக்கு ஆனது. அதற்கு மேல் பறந்தால் தனிக் கணக்கு. பறக்கும் மாதத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பயிற்சிக்குப் போன மாதம், உடம்பு சரியில்லாத மாதம், விமானம் பழுதில் நின்ற மாதம், அப்போது தெரியும். வீட்டுக் கடன் தவணை 70 மணிக் கணக்கில் போட்டதல்லவா. ஏப்ரலில் பைலட்டுகள் கிடைக்காமல் விஸ்தாரா தினமும் 25, 30 விமானங்களைக் குறைக்க வேண்டி வந்தது. ஒப்பந்தத்தில் மணி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் உறுதி மணி எத்தனை என்று பாருங்கள்.

இதே ஏர் இந்தியா 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைந்ததும் பாடமாகச் சொல்ல வேண்டிய கதை. சட்டப்படி ஒரே கம்பெனி. பைலட்டுகளுக்கு இரண்டு சங்கம், இரண்டு சம்பள முறை. 2011-ல் சம சம்பளம் கேட்டுப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், பதவி வரிசைகளை ஒன்றாக்க நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு போட்டார்கள். 2012-ல் மறுபக்கம் கிளம்பியது: இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா ஆர்டர் செய்த போயிங் 787-க்கு இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களை ஏன் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள் என்று ஏர் இந்தியா பைலட்டுகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை. அமெரிக்கர்கள் நடுவர் முன் வைத்த அதே வாதம், "இந்த விமானம் நாங்கள் கொண்டுவந்தது". அங்கே இதற்கு வேலி போடுவார்கள். டெல்டா–நார்த்வெஸ்ட் தீர்ப்பில் போயிங் 777 டெல்டாக்காரர்களுக்கு, 747 நார்த்வெஸ்ட்காரர்களுக்கு என்று சில வருடங்களுக்கு ஒதுக்கியது அப்படித்தான். 2007-ல் இங்கே அப்படி எதையும் முதலிலேயே பேசி முடிக்கவில்லை.

முதலில் வந்த பேரத்தை அலட்சியமாகத் தள்ளுவது இன்னொரு தவறு. 2011-ல் சவுத்வெஸ்ட் ஏர்ட்ரானை வாங்கியபோது இரு சங்கங்களும் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. ஏர்ட்ரான் சங்கத் தலைமை அதை உறுப்பினர்களின் ஓட்டுக்கே விடவில்லை. நடுவர் இதைவிட நல்லது தருவார் என்ற எண்ணம். நிர்வாகமோ, ஏர்ட்ரானை முழுதாக இணைக்காமலே விடலாம் என்று கோடி காட்டியது. அப்புறம் வந்த இரண்டாவது உடன்பாடு முதலாவதைவிட மோசம். அதற்குச் சரி என்று ஓட்டுப் போட்டார்கள். ஏர்ட்ரானின் போயிங் 717-கள் டெல்டாவுக்குக் குத்தகைக்குப் போக, அங்கே கேப்டனாக இருந்த பலர் துணை விமானி இருக்கைக்கு மாறினார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2001-ல் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது அங்கிருந்தவர்களில் பலர் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். அந்தக் கசப்பில் 2007-ல் மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம் வந்தது. நியாயமான முறையில் சேர்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று அது சொல்கிறது. எது நியாயம் என்று சொல்வதில்லை. அதுவும் அமெரிக்காவில் மட்டும்.

"பிடிக்கலைன்னா வேறு கம்பெனி" என்பவர்கள் கவனிக்க: அமெரிக்காவில் வேறு நிறுவனத்துக்குப் போனால், இருபது வருட கேப்டனும் அங்கே கடைசி எண், முதல் வருடச் சம்பளம். இந்தியாவில் கேப்டனை நேராகக் கேப்டனாகவே எடுப்பது உண்டு, ஆனால் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017-ல் போட்ட விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, பலர் சோம்பலில் விடுவது. வரைவுப் பட்டியல் வந்ததும் உங்கள் வரியைப் படியுங்கள். சேர்ந்த தேதி, பிறந்த தேதி, நீண்ட விடுப்பில் இருந்த காலம், இணைப்பு அறிவிப்புக்கு முன் சேர்ந்தவரா பின் சேர்ந்தவரா. பின்னால் சேர்ந்தவர்களை இரு தரப்புக்கும் கீழே வைப்பது வழக்கம், ஒரு வாரம் முன்பின் அங்கே பெரிய விஷயம். ஒரே நாளில் சேர்ந்த பயிற்சி வகுப்பை வயதுப்படி அடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே பிறந்த வருடத்தில் ஒரு எண் தவறாக அடிக்கப்பட்டிருந்தால், முப்பது பேர் வகுப்பில் முதலில் இருக்க வேண்டியவர் முப்பதாவதாக நிற்பார். ஆட்சேபம் தெரிவிக்கத் தரும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில் நீங்கள் ட்ரிப்பில் இருப்பீர்கள் என்றால், கிளம்பும் முன்பே பட்டியலை போனில் இறக்கிக்கொண்டு போங்கள்.